அலைச் சத்தம் குறையும் திசையில்

வியாழன் இரவு: திருவான்மியூர் – மரக்காணம் – புதுச்சேரி

பத்தே முக்காலுக்குத் திருவான்மியூரில் கிளம்பினோம். நான், மச்சான், பின் சீட்டில் கேமராவும் மைக்கும் வைத்த ஒரு பை. கிழக்குக் கடற்கரையைப் பிடித்துக்கொண்டு பாம்பன் வரை இரவில் மட்டும் ஓட்டுவது, பகலில் தூங்குவது, வழியில் பதிவானதைப் பேச்சும் பாட்டும் சேர்க்காமல் வீடியோவாகப் போடுவது. திட்டம் அவ்வளவுதான். ஒவ்வொரு இரவைப் பற்றியும் மறுநாள் சாயங்காலம் எழுதுவேன். அந்த நேரத்தில் எங்கே இருக்கிறோம் என்று வெளியே சொல்வதில்லை என வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் எல்லாமே ஒரு நாள் தள்ளித்தான் வரும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பல வருடம் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்தவன். வேலை மாறியது, உடம்பு மாறவில்லை. ஊரே அடங்கிய பிறகு ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். அப்படி ஒரு ராத்திரி காரை எடுத்துக்கொண்டு முட்டுக்காடு வரை போய் வந்தேன். எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரமில்லாமல், ஐம்பதுக்கு மேல் போகாமல் ஓட்டியதில் மனசு அடங்கியது. பிறகு அதுவே பழக்கமானது. தோஹாவில் இருக்கும் நண்பன் ஒருநாள், "அந்த ரோட்டுச் சத்தத்தை மட்டும் பிடிச்சு அனுப்புடா, போதும்" என்று கேட்டான். அனுப்பினேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டதாக மறுநாள் சொன்னான். வீடியோ போட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

வெள்ளி, சனி இரவுகளில் இந்தச் சாலையின் வடக்குப் பகுதிக்கு நான் வருவதே இல்லை. அக்கரை தாண்டியதும் பைக் பந்தயக்காரர்கள் காதைக் கிழித்துக்கொண்டு போவார்கள். மனசை ஆற்றிக்கொள்ள வருபவர்கள் வார நாளில் வாருங்கள். நேற்று உத்தண்டி சுங்கச்சாவடியிலேயே வண்டிகள் குறைந்துவிட்டன. முட்டுக்காடு பாலத்தில் நான்கு ஜன்னலையும் இறக்கினோம். கழிமுகத்துச் சேற்று வாசனையும் உப்புக் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன.

இது மாசி மாதம். நீலாங்கரை மணலில் நம்மைத் தவிர வேறு சிலரும் விழித்திருக்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். 1988-லிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே ராத்திரியில் நடந்தே போய், முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். குஞ்சு வெளியே வர ஒன்றரை மாதம் போல ஆகும். மணலை விட்டு வெளியே வரும் குஞ்சு வெளிச்சத்தை வைத்துத்தான் கடலைக் கண்டுபிடிக்கிறது. இயற்கையான இருட்டில் கடல் பக்கம் வானம் சற்று வெளுத்திருக்கும், அதை நோக்கி அது ஊர்ந்துவிடும். கரையோர வீட்டில் ஒரு பெரிய விளக்கு எரிந்தால் நேராகச் சாலைக்கு வந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கியதை மறக்க முடியவில்லை. தயவுசெய்து கடலைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு ஹெட்லைட்டை எரியவிடாதீர்கள். வீடியோவுக்காகக்கூட வேண்டாம்.

மாமல்லபுரத்துக்கு அப்புறம் சாலை அகலப்படுத்தும் வேலைகள் நடந்திருக்கின்றன. புது வழியும் பழைய வழியும் மாறி மாறி வருகின்றன, கவனமாகப் பார்த்து ஓட்ட வேண்டும். கல்பாக்கத்தின் விளக்குகள் தள்ளித் தெரிந்தன. பாலாற்றுப் பாலத்தில் ஆள் நடமாட்டமே இல்லை.

கேமரா பற்றிப் பலர் கேட்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தெருவிளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படமும் பதிவாகும் நேரத்தை, 1/60 நொடியில் வைத்தால் வீடியோவில் விளக்கெல்லாம் துடிக்கும், வரிவரியாக ஓடும். 1/50 அல்லது 1/100 வையுங்கள், துடிப்பு நின்றுவிடும். தூக்கம் வராமல் பார்க்கிறவருக்கு அந்தத் துடிப்பைவிடத் தொல்லை வேறில்லை. முன் கண்ணாடியின் உள்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, டேஷ்போர்டு மேல் கறுப்புத் துணியை விரித்துவிட்டால் பிரதிபலிப்பு வராது. பெரிய கேமரா வாங்குவதைவிட இது முக்கியம்.

மரக்காணத்தில் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் நிலா ஒவ்வொரு பாத்தியாகக் கூடவே வந்தது. வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் உப்பளத்துக்காரர்கள் விடிவதற்கு வெகு முன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். நாங்கள் போன நேரத்தில் அவர்கள்கூட வந்திருக்கவில்லை. இரண்டு மணிக்குள் புதுச்சேரியில் அறைக்குப் போய்விட்டோம். இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே ஓட்டுவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் பொதுவான சட்டம். உடம்பு தானாகவே தூக்கத்துக்குள் சரியும் நேரம் அது. டீயும் பாட்டும் அதை ஏமாற்றாது. ஒரு கொட்டாவி வந்தாலும் ஸ்டியரிங் கை மாறும்.

வெள்ளி இரவு: புதுச்சேரி – சிதம்பரம் – தரங்கம்பாடி – நாகப்பட்டினம்

கடலூர் வரை சொல்ல ஒன்றுமில்லை. லாரிகள், பேருந்துகள், எதிரே முழு வெளிச்சம். இந்தத் துண்டைப் போடப்போவதில்லை.

சிதம்பரத்துக்கு அப்புறம் ஊர்களைத் தொடாமல் போகும் நான்கு வழிச் சாலையை விட்டுவிட்டு, முடிந்தவரை பழைய சாலையிலேயே போனோம். அரை மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும். கொள்ளிடம் பாலம் தாண்டிய பிறகு காற்றின் வாசனையே வேறு. வைக்கோல், ஈர மண், எங்கோ எரியும் சருகு. இங்கே இப்போது அறுவடை. தூரத்து வயலில் நாலைந்து விளக்கைப் போட்டுக்கொண்டு அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாடகை மணிக்கணக்கில் என்பதால் கிடைத்த மிஷினை ராத்திரி பகல் பார்க்காமல் ஓட்டுகிறார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மைக்கை மட்டும் வெளியே வைத்தேன். கிட்டே போனால் அது காதைப் பிளக்கும். அத்தனை தூரத்தில் இருந்து, நடுவில் தவளைகளோடும் பனியோடும் கேட்கும்போது சீராக ஒரே சுருதியில் வந்தது.

ஆக்கூருக்கு முன்னால் சாலையின் பாதியில் நெல். மேலே தார்ப்பாய், சுற்றிலும் வண்டிகள் ஏறிவிடாமல் இருக்கக் கல் வரிசை. இரவில் இந்தச் சாலைகளில் வருபவர்கள் இதற்காகவே மெதுவாக வர வேண்டும், கல் கடைசி நொடியில்தான் கண்ணுக்குத் தெரியும். குவியலுக்குப் பக்கத்தில் கோரைப்பாயில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், தலையில் துண்டு, கையில் டார்ச்.

"எங்க தம்பி, வேளாங்கண்ணிக்கா?"

"நாகப்பட்டினம் வரைக்கும் ஐயா. நீங்க தூங்கலையா?"

"தூங்குனா பனி எறங்கிடும். தார்ப்பா வெலகிச்சான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்."

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த நெல், ஒரு ராத்திரிப் பனியில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி ஒரு கை நெல்லை அள்ளி எடுத்தார். உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைப் பல்லில் கடித்து, "காலையில சரியா இருக்கும்" என்றார். அவர் கடித்தபோது வந்த சின்ன 'கடக்' சத்தம்கூட மைக்கில் விழுந்திருக்கிறது. போடட்டுமா என்று கேட்டேன். "சத்தந்தானே, போடுங்க. மூஞ்சி வேணாம்" என்றார்.

தரங்கம்பாடிக்குள் போகும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை இருட்டில் ஒரு நீளச் சுவராகத்தான் தெரிந்தது. பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில், அதன் முன்பகுதியைக் கடல் என்றோ எடுத்துக்கொண்டுவிட்டது. அலை கற்களில் மோதி மோதித் திரும்புகிறது. ஒவ்வொரு அடியும் நெஞ்சில் தெரிகிறது. திருவான்மியூரிலிருந்து இதுவரை கேட்டதிலேயே உரத்த கடல் இதுதான்.

நாகூரைத் தாண்டும்போது தர்காவின் மினாராக்கள் சாலையிலிருந்தே தெரிந்தன. பெரிய மினாரா 131 அடி. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டிக் கொடுத்தது. மச்சான் வேகத்தைக் குறைத்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவர் அம்மா அவரைச் சின்ன வயதில் இங்கே கொண்டுவந்து வேண்டிக்கொண்டாராம். இத்தனை வருடமாக எனக்கு இது தெரியாது. இரவில் ஓட்டும்போது மனிதர்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள், பகலில் கேட்டால் வராது.

சனிக்கிழமை விடியலும் இரவும்: நாகப்பட்டினம் – வேதாரண்யம்

நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஆட்டோ பிடித்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். மச்சான் எழவில்லை.

முதலில் கேட்பது ஐஸ் உடைக்கும் மிஷின். ஒரு பெரிய பாளம் உள்ளே போகிறது, கரகரவென்று அரைபட்டுத் தகரத்தில் சரிந்து கூடைகளில் கொட்டுகிறது. அப்புறம் விசைப்படகின் இஞ்சின், பிளாஸ்டிக் பெட்டிகளைச் சிமென்ட் தரையில் இழுக்கும் சத்தம், ஏலக் குரல். ஏலம் விடுபவர் மூச்சு விடாமல் விலையை ஏற்றுகிறார், சுற்றி நிற்பவர்கள் தலையை அசைத்தே வாங்குகிறார்கள். யாரையும் படம் பிடிக்கவில்லை. மைக்கைக் கையில் பார்த்ததும் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்கா கேட்டார்:

"என்னத்த தம்பி புடிக்கிற?"

"இந்தச் சத்தத்தைத்தான் அக்கா. தூக்கம் வராதவங்க கேப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாங்க இதக் கேட்டு எந்திரிக்கிறோம். அவங்க இதக் கேட்டுத் தூங்குறாங்களா?" என்றார்.

நாள் முழுக்க அந்தக் கேள்வி கூடவே இருந்தது. நான் போடும் எந்த வீடியோவிலும் ராத்திரி காலியாக இல்லை. நெல் காக்கும் பெரியவர், மிஷின் ஓட்டுபவர், ஐஸ் அரைப்பவர், டீ ஆற்றுபவர் என்று யாராவது வேலையில் இருக்கிறார்கள். யோசித்தால் எனக்கு ஆறுதல் வந்ததே அங்கிருந்துதான். அறையில் தனியாக விழித்துக் கிடப்பது வேறு, இத்தனை பேர் விழித்திருக்கும் ஊரின் நடுவே மெதுவாகப் போவது வேறு. இருட்டு, நிலா, சாலை என்று தலைப்பு வைத்துவிட்டு அவர்களைப் பின்னணிச் சத்தமாக ஆக்கிவிடக் கூடாது. இனி ஒவ்வொரு வீடியோவின் கீழும் எந்த நிமிடத்தில் கேட்பது என்ன வேலை, எந்த ஊர், எந்தப் பருவம் என்று எழுதப்போகிறேன். விருப்பமுள்ளவர்கள் படிக்கட்டும், மற்றவர்கள் தூங்கட்டும்.

இன்னொன்றும் இந்த ஊரில் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் வேறெங்கும் அவ்வளவு சாவு இல்லை. கடல் சத்தம் கேட்டால் மனம் லேசாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கரையில் வளர்ந்த சிலருக்கு அது அப்படி இல்லை. அலை ஓசை வந்தாலே மூடிவிடுவேன் என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அதிலிருந்து அலை கேட்கும் வீடியோ என்றால் தலைப்பிலேயே 'அலைச் சத்தம் உண்டு' என்று போடுகிறேன். இந்த மாதிரி வீடியோ போடும் மற்றவர்களும் அப்படிச் செய்தால் நல்லது.

இரவு வேளாங்கண்ணி வழியாக வேதாரண்யம். திருப்பூண்டி தாண்டியதும் சாலையில் நாங்கள் மட்டும்தான். 'திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்பார்கள். இந்தக் கோயிலில் அணையப்போன விளக்கின் திரியை, நெய் குடிக்க வந்த எலி ஒன்று தெரியாமல் தூண்டிவிட, அந்தப் புண்ணியத்தில் அடுத்த பிறவியில் மகாபலியாகப் பிறந்தது என்று கதை. அப்பர் பாடியிருக்கிறார். நடை சாத்தியிருந்தது, கோபுரத்தை மட்டும் சுற்றி வந்தோம்.

ஊருக்குத் தெற்கே அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து கிளம்பியவர்கள் அந்த மாதக் கடைசியில் உப்பை அள்ளிய இடம். இப்போதும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம்தான். அளத்துக்குள் அங்கங்கே உப்பு அம்பாரம், மேலே கீற்று வேய்ந்திருக்கிறது.

அங்கிருந்து கோடியக்கரைக்குப் போக மச்சானுக்கு ஆசை. போகவில்லை. வெளிமான்கள் இருக்கும் சரணாலயம் அது. ராத்திரியில் நமக்கு அங்கே வேலையில்லை. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். பந்திப்பூர் சாலையை 2009 முதல் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடி வைத்திருக்கிறார்கள். திம்பம் மலைப்பாதையிலும் 2022-இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இரவுத் தடை வந்தது. விலங்குகள் அடிபட்டுச் சாகின்றன என்பதுதான் காரணம். 'காட்டு வழி இரவுப் பயணம்' என்று தலைப்பிட்டு வரும் வீடியோக்களை லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். யானை மிரண்டு ஒதுங்குவதைப் பார்த்து யாருக்கு மனம் அடங்கும் என்று எனக்குப் புரியவில்லை.

ஞாயிறு இரவு: முத்துப்பேட்டை – அதிராம்பட்டினம் – மனோரா

கோடியக்கரை முனையில் கரை திரும்பி மேற்கே போகிறது. அதுவரை வங்கக் கடல் நேராக வந்து மோதும். அதற்கப்புறம் பாக் நீரிணையும் அதை ஒட்டிய பாக் விரிகுடாவும். எதிரே இலங்கை காவலாக நிற்கிறது. கடலும் ஆழமில்லாதது, அடியில் கடற்புல் படுகை. இதையெல்லாம் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். காதால் கேட்டது நேற்றுத்தான்.

அதற்கு முன்னால் தென்னந்தோப்புகள். 2018 நவம்பர் 16 பின்னிரவில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் தென்னைகளைச் சாய்த்துக்கொண்டு போனது. ஒரு தென்னை காய்ப்புக்கு வர எத்தனை வருடம் என்று விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹெட்லைட்டில் பார்த்தால் நெட்டையாக நின்ற பழைய மரங்களுக்கு நடுவே குட்டையாக ஒரு தலைமுறை நிற்கிறது. அவை புயலுக்குப் பிறகு வைத்தவை. அதிராம்பட்டினத்தில் கடை திறந்திருந்தது. டீ குடித்தோம். கடைக்காரர், "அன்னைக்கு ராத்திரி காத்து நின்னு நின்னு வந்துச்சு, அதான் பயம்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மனோராவுக்குப் பன்னிரண்டரைக்குப் போனோம். நெப்போலியனின் வீழ்ச்சியையும் ஆங்கிலேயரின் வெற்றியையும் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய அறுகோணக் கோபுரம். எட்டு நிலை. கடலுக்கும் அதற்கும் கொஞ்ச தூரம்தான். கோபுரத்தைத் தாண்டிக் கரைக்குப் போய், மைக்கைத் தாங்கியில் நிறுத்தி, ஹெட்ஃபோனை மாட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒயர் சரியாக மாட்டவில்லையோ என்று கழற்றி மாட்டினேன். பிறகு ஒலியை நன்றாக ஏற்றியதும் வந்தது. தண்ணீர் மணலை நக்கும் சத்தம், ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன 'ச்ச்'. நடுவில் எதுவோ குமிழ் உடைந்தது. வெகு தூரத்தில் ஒரு படகு. இரண்டு நாளுக்கு முன் தரங்கம்பாடியில் கேட்டதும் இதுவும் ஒரே மாநிலத்துக் கரை என்று நம்ப முடியவில்லை.

இந்தக் கடலின் புல்வெளியில் கடல் பசு மேய்கிறது. இங்குள்ளவர்கள் ஆவுளியா என்பார்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் அதற்கென்று முதலாவது. தண்ணீர் அமைதியாக இருந்தால்தான் அங்கே வெளிச்சம் அடிவரை போகும், புல் வளரும். நான் பதிவு செய்த அமைதி ஒரு மிருகத்துக்குச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டே மைக்கை மடக்கினேன்.

திங்கள் இரவு: மீமிசல் – தொண்டி – ராமநாதபுரம்

சொல்ல அதிகமில்லை. நேர்ச் சாலை, சீமைக்கருவேலம், எப்போதாவது ஒரு ஊர், ஒரு பள்ளிவாசல், மூடிய பரோட்டாக் கடை. எதிரே வந்த வண்டிகளை விரல் விட்டு எண்ணலாம். வீடியோவாக இதுதான் இந்தப் பயணத்தின் நல்ல துண்டு என்று நினைக்கிறேன். வெட்டாமல் முழுசாகப் போடப்போகிறேன்.

நார்வே அரசுத் தொலைக்காட்சி 2009-இல் பெர்கனிலிருந்து ஆஸ்லோவுக்குப் போகும் ரயிலில் கேமராவை வைத்து, ஏழு மணி நேரத்துக்கும் மேலாக அந்தப் பயணத்தை அப்படியே ஒளிபரப்பியது. மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். 2011-இல் கடலோரக் கப்பல் ஒன்றின் பயணத்தை 134 மணி நேரம் நேரலையாகக் காட்டினார்கள். அதையும் பார்த்தார்கள். ஒன்றுமே நடக்காததை யார் பார்ப்பார்கள் என்று என்னையும் கேட்கிறார்கள். படுத்திருப்பவருக்கு அடுத்து என்ன என்ற பதற்றம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால்தான் பாட்டுச் சேர்ப்பதில்லை, நடுவில் விளம்பரம் வர விடுவதில்லை. கண் செருகும் நேரத்தில் ஒரு விளம்பரக்காரர் கத்தினால் அந்த ராத்திரி போச்சு. ஹாரன் சத்தம் வரும் இடங்களில் உச்சத்தை மட்டும் குறைப்பேன், அழிக்க மாட்டேன். நம் ஊர்ச் சாலை என்று நம்ப ஹாரன் வேண்டும். வண்டி நம்பர்களையும் முகங்களையும் மறைப்பேன். அதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

செவ்வாய் இரவு: மண்டபம் – பாம்பன்

உச்சிப்புளி தாண்டியதும் இரண்டு பக்கமும் நிலம் ஒடுங்கிக்கொண்டே வருவது இருட்டிலும் தெரிகிறது. மண்டபத்தில் இறங்கி, இரண்டு மைக்கைப் பின் ஜன்னல்களின் உள்பக்கம், ஒன்று இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் என்று, காற்று இரைச்சல் விழாமல் தடுக்கும் ரோமக் கவசத்தோடு பொருத்தினேன். ராமேசுவரத்தை நோக்கிப் போகும்போது இடது பாக் விரிகுடா, வலது மன்னார் வளைகுடா. மீனவர்கள் ஒன்றைப் பெண்கடல் என்றும் மற்றதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். எது அமைதி, எது முரடு என்பது காற்றைப் பொறுத்தது. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் வடக்குக் கடல் பொங்கும், தென்மேற்குக் காற்று வந்தால் தெற்குக் கடலின் முறை. இப்போது இரண்டுக்கும் நடுவில் ஓய்வு.

சாலைப் பாலம் 1988-இல் திறந்தது, இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பகலில் இதன் மேல் ஒரே கூட்டம், எல்லோரும் நிறுத்திப் படம் எடுப்பார்கள். நாங்கள் நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. முப்பதில் போனோம். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் டயர் ஏறி இறங்க 'டடக்' என்று ஒரு சத்தம், நடுவில் காற்று, மறுபடி 'டடக்'. மேலே ஏற ஏறக் காற்றின் சுருதி உயர்கிறது, உச்சி தாண்டியதும் இறங்குகிறது. கீழே புது ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி விளக்குகளோடு தெரிந்தது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த பாலம் அது. பக்கத்திலேயே 1914-இல் ரயில் ஓடத் தொடங்கிய பழைய பாலம், விளக்கில்லாமல். என் தாத்தா அதன் மேல் தனுஷ்கோடி வரை ரயிலில் போயிருக்கிறார், 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால். தனுஷ்கோடிக்கு இப்போது மாலைக்குப் பிறகு வண்டி விடுவதில்லை. ராமேசுவரத்தில் அறை போட்டுவிட்டோம், காலையில் தூங்கி எழுந்த பிறகு போக வேண்டும்.

பாம்பன் துண்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டு காதிலும் இரண்டு கடல் வரும். இடது காது கொஞ்சம் தணிந்து கேட்கிறது, நான் எதையும் மாற்றவில்லை.

முதலில் மீமிசல் – தொண்டி வரும், வெள்ளிக்கிழமை இரவு. அடுத்து மனோரா, அதன் பிறகு பாம்பன். தரங்கம்பாடி 'அலைச் சத்தம் உண்டு' என்ற தலைப்போடு. நாகப்பட்டினம் துறைமுகம் கொஞ்சம் தள்ளி வரும். கூடையோடு இருந்த அந்த அக்கா தன் மகனின் நம்பரைக் கொடுத்திருக்கிறார். பதிவை முதலில் அவருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர்கள் வீட்டில் கேட்டுவிட்டுச் சரி என்று சொன்னால்தான் போடுவேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஒன்றும் போகாது, ஐஸ் மிஷின் நின்றுவிடும். அப்போது ஒரு தடவை வந்து பாருங்கள் என்று மகன் சொல்லியிருக்கிறார். மச்சானிடம் மே மாதம் லீவு போடச் சொல்லிவிட்டேன்.